பெயர் சொல்லாத பதில்

கிட்ட வாங்க கண்ணுகளா. சுவரோரம் இருக்கிறவர்களும் கொஞ்சம் நகர்ந்து வந்து உட்காருங்கள். காலை நீட்டிக்கொள்ளலாம், தப்பில்லை. ஒரு மனுஷன் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருந்த கதையை இன்றைக்குச் சொல்லப்போகிறேன். பேய்க்கதை என்று பயந்துவிடாதீர்கள், இது பூட்டுக் கதை. எழுந்து போகும்போது சிரித்துக்கொண்டுதான் போவீர்கள், அதற்கு நான் பொறுப்பு.

பிள்ளைச்சாவடியில், கடலைத் தடுக்கக் கொட்டிய கருங்கல்லுக்கு இந்தப் பக்கம் அம்மாவாசையின் வீடு. அவர் கடலுக்குப் போகிறவர். மனைவி மணியம்மாள் கூடை சுமந்து முத்தியால்பேட்டையில் மீன் விற்கிறவள். மகன் அஜித்துக்குத் தனியாக ஒரு ஃபைபர் படகு உண்டு. அஜித்தின் மனைவி கலையரசி. அவர்களுக்குச் சுடர்விழி என்று ஒரு பெண் குழந்தை, அப்போதுதான் பல் முளைத்து எதைக் கண்டாலும் கடித்துக்கொண்டிருந்தது. அந்த வீட்டின் கடைசி மகள்தான் தாமரைச்செல்வி.

தாமரைச்செல்விக்கு என்ன வேலை என்று மார்க்கெட்டில் யார் கேட்டாலும் மணியம்மாள் "எம் பொண்ணு திருடி" என்பாள். கேட்டவள் முகம் போகிற போக்கை நன்றாக ரசித்துவிட்டு, கம்ப்யூட்டரில் திருடிப் பார்த்து, எங்கே ஓட்டை இருக்கிறது என்று சொல்வதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று முடிப்பாள். அது கிட்டத்தட்ட உண்மைதான். தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில், கீழே லேத் பட்டறை கிறீச்சிட்டுக்கொண்டிருக்கும் ஒரு கட்டடத்தின் மாடியில் அவள் வேலை செய்தாள். நாம் போனில் அனுப்புகிற சேதி காற்றில் போகும்போது நடுவில் இருப்பவன் பிடித்துப் படிக்காமலிருக்கப் பூட்டு போடுகிறார்கள் அல்லவா, அந்தப் பூட்டும் சாவியும் கை மாறுகிற முறையில் தப்பு இருக்கிறதா என்று ஆராய்கிற வேலை. அந்தச் சின்னக் கம்பெனியை நடத்தியவர் அன்பழகன். பிரான்சில் பல வருஷம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். பட்டறைக்காரர்கள் முதல் டீக்காரர் வரை அவரை முசே என்றுதான் கூப்பிடுவார்கள், பிரெஞ்சில் ஐயா என்று அர்த்தம்.

முசே ஒரு பெட்டி செய்திருந்தார். உள்ளங்கையில் அடங்கும், தண்ணீரில் விழுந்தாலும் மிதக்கும். படகுக்கும் கரைக்கும் நடுவே ரகசியமாக எழுத்தில் சேதி அனுப்ப உதவும், குரல் கேட்காது. அதன் அருமை கடல்காரர்களுக்குத்தான் தெரியும். வயர்லெஸ்ஸில் பேசினால் கடலில் இருக்கிற அத்தனை படகுக்கும் காது. மீன் கூட்டத்தைக் கண்டதும் "மாமியார் வீட்டுல விருந்து" என்று அம்மாவாசை ஜாடையாகச் சொல்லிப் பார்த்தார். கொஞ்ச நாளில் அந்த விருந்துக்கு எல்லாரும் வர ஆரம்பித்துவிட்டார்கள்.

இந்தப் பெட்டியில் அந்தக் கவலை இல்லை. படித்த சேதி அப்போதே அழிந்தும் போகும். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பூட்டு, ஒரு சாவி. பூட்டு ஊருக்கே பொது, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பூட்டலாம். சாவி மட்டும் பெட்டிக்குச் சொந்தக்காரரிடம். அம்மாவாசை கலையரசியைக் கூப்பிட்டால், அவர் பெட்டி "நான் அம்மாவாசை" என்று சொல்லி, அந்த நொடியில் உருட்டிப் போட்ட ஒரு ரகசியச் சொல்லையும் சேர்த்து, கலையரசியின் பூட்டைப் போட்டு அனுப்பும். அதை அவள் சாவிதான் திறக்கும். அவள் பெட்டி அந்தச் சொல்லோடு தன்னுடைய சொல் ஒன்றையும் வைத்து, அம்மாவாசையின் பூட்டைப் போட்டுத் திருப்பும். தன் சொல் தன்னிடமே வந்ததைப் பார்த்து, எதிரே இருப்பது கலையரசிதான் என்று அவர் பெட்டி தெளியும். தெளிந்ததும் அவள் சொல்லை அவளுக்கே பூட்டி அனுப்பும். அதன் பிறகு இரண்டு சொல்லும் சேர்ந்துதான் சாவி, பேச்சு நடக்கும். மூன்றே மடல். பார்த்தால் கோலம் மாதிரி அழகாக இருக்கும்.

தாமரைச்செல்வி அந்த முறையை ஒரு நிரலில் எழுதி, கூடவே ஒரு திருடனையும் எழுதிவிட்டாள். காற்றில் போகிற எந்த மடலையும் பிடிக்கலாம், ஒளிக்கலாம், மாற்றலாம், பழையதை மறுபடி அனுப்பலாம். பூட்டை மட்டும் சாவியில்லாமல் திறக்க முடியாது, அப்படிப்பட்ட திருடன். நிரல் அவனுக்காக எல்லா வழியிலும் போய்ப் பார்த்துவிட்டு, ஓட்டை ஒன்றும் இல்லை என்று சொன்னது. அவள் வீட்டுக்கு வந்து, சம்மணமிட்டு உட்கார்ந்து, கூப்பிட்டவரையும் கேட்டவரையும் தவிர ஈ எறும்புக்குக்கூடத் தெரியாது என்று பெருமையாகச் சொன்னாள். அம்மாவாசை தலையாட்டிக்கொண்டார். மகள் சொல் அவருக்கு வேதம்.

சோதனைக்காக ஊரில் சிலரிடம் மட்டும் பெட்டி கொடுத்திருந்தார்கள். அம்மாவாசையிடம் ஒன்று, கரையில் கலையரசியிடம் ஒன்று, கலையரசியின் தம்பி சுப்ரமணியிடம் ஒன்று. படகுகளுக்கு ஐஸ் கொடுத்து, சில படகுகளின் மீனை மொத்தமாக எடுத்துக்கொள்ளும் விக்ரமிடம் ஒன்று. விக்ரம் இன்ஜினீயரிங் படித்துவிட்டு அப்பாவின் ஐஸ் வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டவன். சுப்ரமணியின் மீன் அவனுக்குத்தான் போகும். அம்மாவாசையின் மீன் மணியம்மாளின் கூடைக்குப் போகும்.

மாசி மகத்துக்கு முந்தைய வாரம். அம்மாவாசை விடியுமுன்னே போய், வஞ்சிரம் கூட்டமாக மேய்கிற ஒரு இடத்தைக் கண்டார். பெட்டியில் கலையரசியைக் கூப்பிட்டு இடத்தைச் சொல்லி, அஜித்தைப் பெரிய வலையோடு அனுப்பச் சொன்னார். அஜித் போய்ச் சேர்வதற்குள் அங்கே இன்னொரு படகு வலையை இழுத்துக்கொண்டிருந்தது. முன்பே கடலில் இருந்த சுப்ரமணியின் படகு. வலை நிறைய வஞ்சிரம், முகம் நிறையச் சிரிப்பு. மாமா, நீங்களும் இங்கதானா என்று கையை வேறு ஆட்டினான்.

கரைக்கு வந்ததும் கேட்டார்கள். விக்ரம் செயற்கைக்கோள் படம் பார்த்து இடம் சொன்னான், போனேன் என்றான் சுப்ரமணி. செயற்கைக்கோள் இந்தக் கடல் பக்கம், அந்தக் கடல் பக்கம் என்று சொல்லுமே தவிர, நம் படகின் மூக்குக்கு நேரே கொண்டுவந்து நிறுத்துமா என்று கேட்டுவிட்டு அம்மாவாசை நடந்துவிட்டார். அவர் சத்தம் போடுகிற மனிதர் இல்லை. வீட்டுக்கு வந்து, மகளைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார்.

"பெட்டி பேசாதுன்னு நீதானே சொன்ன. அப்போ பேசினது யாரு?"

பெட்டி பேசாது என்றால், தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் அப்பா. அண்ணி அடுப்படியில் டீயை ஆற்றிக்கொண்டு நின்றாள். அவள் கை நின்றுபோனதைத் தாமரைச்செல்வி பார்த்தாள். ஆனால் அண்ணி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் சொல்லவில்லை என்றுகூடச் சொல்லவில்லை.

அன்றையிலிருந்து அம்மாவாசை மருமகள் கையால் டீ வாங்கிக் குடிக்கவில்லை. முனைக் கடையில் போய்க் குடித்தார். அதோடு விட்டாரா? மகம் முடிந்து சுடர்விழிக்குக் காது குத்த நாள் குறித்திருந்தார்கள். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் குத்த வேண்டும், அந்தத் தாய்மாமன் சுப்ரமணி. சுப்ரமணிக்குச் சொல்ல வேண்டாம், பிள்ளையை என் மடியில் வைத்துக்கொள்கிறேன் என்றார். தாய்மாமன் இருக்கும்போது தாத்தா மடியில் காது குத்தின பிள்ளை ஊரில் உண்டா என்று மணியம்மாள் சண்டைக்கு நின்றாள். அஜித் அப்பா முகத்தைப் பார்ப்பான், பெண்டாட்டி முகத்தைப் பார்ப்பான், எழுந்து போய் ஓட்டையில்லாத வலையைத் தைப்பான்.

தாமரைச்செல்விக்குச் சோறு இறங்கவில்லை. அண்ணி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இருவரும் ஒரே சீப்பில் தலை வாருகிறவர்கள், ஒருத்தியை ஒருத்தி கேலி பேசாமல் பொழுது போகாதவர்கள். இப்போது அவள் போட்ட கணக்கே அண்ணியைப் பொய்க்காரி என்கிறது. கணக்கு சரி என்றால் அண்ணி தப்பு. அண்ணி சரி என்றால் கணக்கு தப்பு. அந்தக் கணக்கின் கீழேதான் அவள் கையெழுத்துப் போட வேண்டும். முசே விழா வைத்து, மற்ற குப்பங்களுக்கும் பெட்டி கொடுக்க ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்.

மாடியில் உட்கார்ந்து நிரலை மறுபடி ஓட்டினாள். ஓட்டை இல்லை. திருடனுக்கு இன்னும் புத்தி கொடுத்து ஓட்டினாள். ஓட்டை இல்லை. முசே எட்டிப் பார்த்து "அலோர்?" என்றார். அப்படியென்றால் பிரெஞ்சில், என்ன ஆச்சு என்று அர்த்தம். இன்னும் கொஞ்சம் பார்க்கணும் முசே என்றாள். சரிபார்த்தாகிவிட்டதே, இன்னும் என்ன பார்ப்பது என்று அவர் கேட்டார். எங்க அண்ணி பொய் சொல்ல மாட்டாங்க என்பதை ஓர் அறிக்கையில் எந்தப் பத்தியில் எழுதுவது?

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மத்தியான வெயிலில், கிணற்றடி நிழலில் கலையரசி சங்கரா மீனுக்குச் செதில் தேய்த்துக்கொண்டிருந்தாள். தாமரைச்செல்வி இன்னொரு அரிவாள்மணையைப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். வெகுநேரம் இருவரும் மீனோடு மட்டும் பேசினார்கள்.

"அண்ணி, நீங்க சொல்லலன்னு எனக்குத் தெரியும். ஆனா நீங்க எதையோ சொல்லாம வச்சிருக்கீங்க. அதுவும் தெரியும்" என்றாள் தாமரைச்செல்வி.

கலையரசி மீனைத் திருப்பிப் போட்டாள். "உங்கப்பா காதுக்குப் போகக் கூடாது."

"போகாது."

"அன்னிக்கு மாமா இடம் சொன்னாரா, நான் உங்கண்ணனை எழுப்பி அனுப்பினேன். கொஞ்ச நேரத்துல மாமாவே மறுபடி கூப்பிட்டாரு. எந்த இடம்னு சொன்னேம்மா, இன்னொரு தடவ சொல்லுன்னு கேட்டாரு. சொன்னேன்." அவள் குரல் தாழ்ந்தது. "அவரு அண்ணனுக்கு இப்படித்தானே ஆரம்பிச்சது. வீட்டுக்கு வழி மறந்து நின்னாரே. இவருக்கும் மறதின்னு தெரிஞ்சா கடலுக்கு விடுவாங்களா? ஊரு இன்னா பேசும்? என்னைத் திட்டினா திட்டிட்டுப் போறாரு. நாலு நாள்ல மறந்துடுவாரு."

கடைசி வார்த்தையைச் சொல்லிவிட்டு, அதன் பொருத்தம் உறைத்து, அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் தண்ணீரும் வந்துவிட்டது. இரண்டுக்கும் துடைக்க முழங்கைதான் இருந்தது, உள்ளங்கையெல்லாம் செதில்.

தாமரைச்செல்வி சிரிக்கவில்லை. அப்பாவுக்கு மறதியா? யார் வீட்டுக் கல்யாணத்தில் யார் எந்த நிறப் புடவை கட்டினார்கள் என்பதுவரை சொல்கிறவருக்கு மறதியா? அப்பா கேட்கவில்லை என்றால், அப்பா பெயரில் கேட்டது யார்? வெளியாளால் முடியாது, அதை நிரல் சத்தியம் பண்ணிச் சொல்கிறது. வெளியாளால் முடியாது.

அவள் அரிவாள்மணையை மடக்காமல்கூட எழுந்தாள். ஏய் கால்ல வெட்டிக்கப்போறே என்று அண்ணி கத்தியது காதில் விழவில்லை.

அவள் எழுதிய திருடன் வெளியாள். பக்கத்துத் துறைமுகத்துக்காரன், முகம் தெரியாதவன், எவனோ. பெட்டி வைத்திருக்கிற அத்தனை பேரையும் அவள் நல்லவர் பக்கம் எழுதியிருந்தாள். ஏன் அப்படி எழுதினோம் என்று அவள் ஒரு தரம்கூட யோசிக்கவில்லை. யோசிக்க என்ன இருக்கிறது? பெட்டிக்காரர் ஒவ்வொருவரும் மாமன், மச்சான், சித்தப்பன், கூடப் படித்தவன். குப்பத்தில் பிறந்த ஒருத்திக்கு மாமனைத் திருடன் என்று எழுத எப்படிக் கை வரும்? புத்தகத்தில் முதல் பாடமே அதுதான்: கூட்டத்துக்குள்ளேயே ஒருத்தன் கெட்டவனாக இருந்தால் என்று கேட்டுப் பார். அவள் அந்தப் பாடத்தைப் பரீட்சையில் எழுதியவள்தான். ஊருக்குள் வந்ததும் செருப்போடு சேர்த்து அதையும் வாசலில் கழற்றிவிட்டாள்.

வீட்டு மூலையில் மடிக்கணினியைத் திறந்து ஒரு வரியை மாற்றினாள். பெட்டிக்காரர்களில் ஒருவன் திருடன். ஓட்டினாள். இத்தனை நாளும் ஓட்டை இல்லை என்று சாதித்த நிரல், ஒரு வாய் டீ குடிக்கிற நேரத்தில் வழியைத் துப்பிவிட்டது. அவள் அதைப் படித்தாள். பிறகு எழுந்து, தூங்கிக்கொண்டிருந்த சுடர்விழியைத் தூக்கி முத்தம் கொடுத்து எழுப்பிவிட்டு, அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

அப்பா, அன்னிக்கு அண்ணிகிட்ட பேசினப்புறம் வேற யாரையாவது கூப்பிட்டீங்களா என்று கேட்டாள். விக்ரமைத்தான், ஐஸுக்கு, தினமும் கூப்பிடுகிறேனே என்றார் அவர்.

திங்கட்கிழமை காலையில் முசேயைக் கடலோரத்துக்கு அழைத்துப் போகிற அளவுக்கு அவளுக்குத் துணிச்சல் வந்திருந்தது. அதற்கு முன் மாடியிலேயே அவருக்கு விளக்கினாள். கேளுங்கள், உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறாள். அப்பா ஐஸ் கேட்க விக்ரமைத் தட்டுகிறார். விக்ரம் தன் சாவியால் அதைத் திறந்து, உள்ளே இருப்பதை அப்படியே கலையரசியின் பூட்டில் போட்டு அனுப்புகிறான். உள்ளே "நான் அம்மாவாசை" என்றுதானே இருக்கிறது? அண்ணியின் பெட்டி நம்பி, பதிலை அம்மாவாசையின் பூட்டில் போடுகிறது. விக்ரமால் அதைத் திறக்க முடியாது. திறக்கவும் வேண்டாம், அப்படியே அப்பாவிடம் தள்ளிவிடுகிறான். அப்பாவின் பெட்டி திறக்கிறது. தன் சொல் இருக்கிறது. விக்ரம்தான் பதில் சொன்னான் என்று எண்ணி, அண்ணியின் சொல்லை எடுத்து விக்ரமின் பூட்டில் போட்டுக் கொடுத்துவிடுகிறது. விக்ரம் திறக்க முடியாததை அப்பாவே திறந்து கொடுக்கிறார். அதன் பிறகு அண்ணிக்கு விக்ரம்தான் அம்மாவாசை.

"எந்தப் பூட்டும் உடையலை முசே. நடுவுல வர்ற பதில்ல, இது யாருடைய பதில்னு பேர் இல்ல. அவ்வளவுதான்."

முசே நாற்காலியில் சாய்ந்தார். நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்றுமுன் பத்திரிகை படிக்கிறோமே, அது ஏன் என்று அவள் கேட்டாள். இன்னார் பேத்தி, இன்னார் மகள், இன்னார் மகனுக்கு என்று இரண்டு பக்கத்துப் பெயரையும் உரக்கப் படிக்கிறார்கள். கூடியிருக்கிறவர்களுக்குத் தெரியாததா? எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் படிப்பார்கள். பெயரில்லாமல் "எங்களுக்குச் சம்மதம்" என்று மட்டும் சொல்லித் தட்டை மூடிக் கொடுத்தனுப்பினால், நடுவில் வாங்கிப் போகிறவன் அதை எந்த வீட்டிலும் இறக்கி வைப்பான். நம் பெட்டி பெயர் படிக்காமல் தட்டை மாற்றிவிட்டது என்றாள். முசே எழுந்து, விழாவைத் தள்ளிப்போடச் சொல்லி முதல் போனைப் போட்டார். இரண்டாவது போனில் பட்டறை உட்பட எல்லாருக்கும் குரோசான் என்கிற பிரெஞ்சு ரொட்டி சொன்னார். தப்புக் கிடைத்ததற்குத் தின்பண்டம் வாங்குகிற முதலாளியை அந்தத் தொழிற்பேட்டை அன்றைக்குத்தான் பார்த்தது.

ஆனால் அம்மாவாசைக்கு விளக்கம் போதாது, கண்ணால் பார்க்க வேண்டும். தாமரைச்செல்வி அவரை அன்று கடலுக்குப் போகவிடாமல் பிடித்து, கவிழ்த்து வைத்த படகின் நிழலில் உட்காரவைத்தாள். பக்கத்தில் அண்ணி, அவள் மடியில் பெட்டி. முசே பேண்டை மடித்துவிட்டு மணலில் குந்தினார். மணியம்மாள் கூடையோடு கிளம்பியவள், வேடிக்கையை விடுவாளா, கூடையை இறக்கிவிட்டாள். அஜித் இந்த முறை வலை தைக்கப் போகவில்லை.

தினமும் போல விக்ரமைக் கூப்பிட்டு ஐஸ் கேளுங்கள், கேட்டதும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தூக்கிக்கொள்ளுங்கள் என்றாள் மகள். அம்மாவாசை கூப்பிட்டார், கேட்டார், வைத்தார், இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டார். கோயிலில் கும்பிடுகிறவர் மாதிரி இருந்தது.

கலையரசியின் மடியில் பெட்டி கிணுகிணுத்தது. அவள் அதைத் திருப்பி மாமனாருக்குக் காட்டினாள். "அம்மாவாசை அழைக்கிறார்" என்று எழுத்து மின்னியது.

அவர் தன் கையைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். மறுபடி கையைப் பார்த்தார்.

"நான் இங்க இருக்கேன். அங்க இருக்கிற நானு யாரு?" என்றார்.

அதற்குள் அடுத்த வரி வந்துவிட்டது. எந்த இடம்னு சொன்னேம்மா, இன்னொரு தடவ சொல்லு. அதைப் படித்துவிட்டு அம்மாவாசை கையை இறக்கினார். மருமகளை நிமிர்ந்து பார்த்தார். அன்னிக்கும் இப்படித்தான் வந்துச்சா என்று கேட்டார். அவள் தலையாட்டினாள். அப்புறம் ஏன்மா வாயைத் திறக்கல என்றார். கலையரசி மணலைக் கிளறினாள். தாமரைச்செல்வி வாக்குக் கொடுத்தவள், பேசாமல் இருந்தாள். மணியம்மாள் வாக்கு ஒன்றும் கொடுக்கவில்லை, நிலைமையை மோப்பம் பிடித்துவிட்டாள்.

"உனக்கு மறதி வந்துட்டுதுன்னு நினைச்சிருக்குது பொண்ணு. உன் மானத்தைக் காப்பாத்தியிருக்குது."

"எனக்கா மறதி?" அம்மாவாசைக்குக் கோபம் வரப் பார்த்து, வழியில் எங்கோ சிரிப்பாக மாறிவிட்டது. "எம் மாமியா என்னைத் திட்டின திட்டை வரிசையா சொல்லட்டுமா?"

வேண்டாம் என்று மணியம்மாள் தடுத்துவிட்டாள். பெட்டி மடியில் பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தது. என்ன மாமா சொல்றது என்று கலையரசி கேட்டாள். அம்மாவாசை கடலைப் பார்த்து, கண்ணைச் சுருக்கி, ரசித்து யோசித்தார். முந்தின நாள் தெற்கே சொறிமீன் தண்ணீரே தெரியாமல் மிதந்ததை அவர் பார்த்திருந்தார். நுங்கு நுங்காக, தொட்டால் கை பூராவும் தினவெடுக்கிற சனியன். அந்த இடத்தைத் துல்லியமாகச் சொன்னார். போவது உன் தம்பியாயிற்றே என்று அஜித் மனைவிக்கு நினைவுபடுத்தினான்.

"விசாரிக்காம ஓடினான்ல, சொறியட்டும்" என்று சொல்லிக்கொண்டே கலையரசி தட்டினாள்.

மத்தியானத்துக்குள் சுப்ரமணி திரும்பி வந்தான். வலை முழுக்கக் கண்ணாடிக் கூழ், இரண்டு கையும் முழங்கை வரைக்கும் சிவந்து, சொறிந்துகொண்டே விக்ரமைத் தேடினான். விக்ரம் ஐஸ் வண்டிக்குப் பின்னால் இருந்தான். ஊரே கூடிவிட்டது, ஓடவும் வழியில்லை. பெட்டிக்குள் கைவைத்துச் சின்னதாக ஒரு நிரல் எழுதிப் பார்த்தேன், முதலில் வேடிக்கைக்குத்தான், வேலை செய்தது, அப்புறம் விட மனசு வரவில்லை என்று ஒத்துக்கொண்டான். அதைச் சொல்லும்போது குனிந்த தலைக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது. தாமரைச்செல்வி அதைக் கவனித்தாள். அவனை அடிக்க வேண்டும் என்றும் இருந்தது, எந்த மடலை எப்படிப் பிடித்தான் என்று உட்காரவைத்துக் கேட்க வேண்டும் என்றும் இருந்தது. ஊர்ப் பஞ்சாயத்தார் அவளுக்கு வேலை வைக்கவில்லை. சுப்ரமணியின் வலையை விக்ரமே கழுவிக் கொடுக்க வேண்டும், கையுறை கிடையாது என்று தீர்ப்புச் சொன்னார்கள். கழுவினான். சாயங்காலம் வரைக்கும் கழுவினான்.

அன்றைக்கு வெயில் தாழ்ந்ததும் அம்மாவாசை முனைக் கடைப் பக்கம் போகவில்லை. அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"டீ இருந்தா குடும்மா" என்றார்.

கலையரசி கொடுத்தாள். குடித்துவிட்டு, சர்க்கரை கம்மி என்று குறையும் சொன்னார். அந்தக் குறையைக் கேட்டபிறகுதான் அவளுக்கு மூச்சு ஒழுங்காக வந்தது.

தாமரைச்செல்வி பழைய அறிக்கையைக் கிழிக்கவில்லை, அழித்தாள். புதிதாக எழுதினாள். இரண்டாவது மடலில் பதில் சொல்கிறவரின் பெயரையும் உள்ளே வைத்துப் பூட்ட வேண்டும். அப்படி வைத்தால், அண்ணியின் பதிலை விக்ரம் தள்ளிவிட்டதும் அப்பாவின் பெட்டி திறந்து பார்க்கும். நான் தட்டியது விக்ரமை, பதில் வந்தது கலையரசியிடமிருந்து, இது என்ன கூத்து என்று அங்கேயே நின்றுவிடும். ஒரே ஒரு பெயர், அவ்வளவுதான் மருந்து. மாற்றிய முறையை நிரலில் போட்டு, இந்தத் தடவை பெட்டிக்காரர் ஒவ்வொருவரையும் மாற்றி மாற்றித் திருடனாக்கி ஓட்டினாள். விக்ரமைத் திருடனாக்கினாள், சுப்ரமணியை ஆக்கினாள், அண்ணியை ஆக்கினாள், கொஞ்சம் தயங்கிவிட்டு அப்பாவையும் ஆக்கினாள். ஓட்டை இல்லை. அதன் கீழே கையெழுத்துப் போட்டாள். என்னையும் திருடின்னு எழுதினியாமே என்று அண்ணி கேட்டதற்கு, என் சீப்பை எடுக்கிறவங்களை வேற எப்படி எழுதுறது என்றாள்.

காதுகுத்து அன்றைக்குப் பந்தலில் இடம் போதவில்லை. சுப்ரமணி சீர்த்தட்டுகளோடு மேளம் வைத்து வந்தான். அம்மாவாசையே வாசலுக்குப் போய், வா மாப்ளே என்று கையைப் பிடித்து அழைத்தார். பிடித்த பிறகுதான் நினைவு வந்து, தன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். அவன் கையில் தினவு இன்னும் முழுக்கப் போகவில்லை. மடியில் சுடர்விழி, முன்னால் ஆசாரி, சுப்ரமணிக்கோ முழங்கை அரிக்கிறது. சொறியப் போனால் பிள்ளை ஆடும், பிள்ளை ஆடினால் ஊசி தவறும். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அவனுக்காக அக்கா கலையரசிதான் குனிந்து முழங்கையைச் சொறிந்துவிட்டாள். காது குத்தினதற்கு அழாத குழந்தை, மாமன் நெளிந்த நெளிப்பைப் பார்த்துக் கிளுகிளுவென்று சிரித்தது. பந்தலே சிரித்தது. விக்ரமும் வந்திருந்தான், மூலையில் நின்று பாயசம் பரிமாறிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு இலையிலும் "நான் விக்ரம், பாயசம் போடறேன்" என்று பெயர் சொல்லிப் பரிமாறும்படி மணியம்மாள் உத்தரவு. முசே இரண்டாம் முறை கேட்டபோது, நீங்க யாருன்னு சொல்லுங்க முசே, அப்பத்தான் போடுவேன் என்றான். தாமரைச்செல்விக்குப் பாயசம் புரையேறிவிட்டது.

கண்ணுகளா, கதை கரை சேர்ந்தது. உங்கள் வாசலைத் தட்டுகிறவர்கள் தங்கள் பெயர் சொல்லியே தட்டட்டும். உங்கள் பெயரில் யாரும் பொய் பேசாதிருக்கட்டும். வீட்டுக்கு வந்த பெண்ணின் கையால் குடிக்கிற டீ என்றைக்கும் சூடாக இருக்கட்டும், சர்க்கரை கொஞ்சம் கூடவே இருக்கட்டும். உங்கள் பிள்ளைகளின் காது குத்துக்கெல்லாம் தாய்மாமன் மடி தயாராகக் காத்திருக்கட்டும். வலை நிறைந்து, சட்டி நிறைந்து, அடுப்பு அணையாமல், உங்கள் குடும்பம் நீடூழி நன்றாக இருக்கட்டும்.